பள்ளிவாசலில் மாப்பிள்ளை பார்த்தேன்

வாசற்படிக்குக் கீழே ஷூக்கள் நீள வரிசையில் கிடந்தன. எல்லாம் ஜெர்மன் தாத்தா பாட்டிகளுடையவை. காட்டு நடைக்கென்று வாங்கிய கனத்த ஷூக்கள், ஒரு ஜோடி வெள்ளை சாண்டல், அதற்குள் சுருட்டி வைத்த சாக்ஸ். ஷூக்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வெறுங்காலோடு உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைத்தடியைக்கூட வாசலிலேயே சாத்திவிட்டு வந்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்தார். ஷூ வரிசையைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். மறுபடியும் வரிசையைப் பார்த்தார்.

"இங்கே ஷூவைக் கழற்றச் சொன்னது யார்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

தாத்தா பாட்டிகள் அத்தனை பேரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத்தான்.

நானோ தலையில் முக்காடும், முழங்கை வரை ஈரமும், புருவத்தில் பச்சைப் பாசியுமாக நின்றேன். பக்கத்தில், என்னைப் பெண் பார்க்க மியூனிக்கிலிருந்து ரயிலேறி வந்த மாப்பிள்ளை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தன் கால் கட்டைவிரலையே ஆராய்ந்துகொண்டிருந்தார். சாக்ஸில் அங்கே ஓட்டை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் விருப்பம்.

கடைசி வரன்

அப்போது நான் மன்ஹைமில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. மாதச் சம்பளம் கொடுத்து, குறை சொல் குறை சொல் என்று கெஞ்சுவார்கள். எனக்கென்றே செய்து வைத்த உத்தியோகம்.

அந்தப் பழக்கம் வரன்கள் மீதும் தொற்றிக்கொண்டது. ஒருவர் தொலைபேசியில் முழு நேரமும் தன் காரைப் பற்றியே பேசினார். இன்னொருவர் என்னிடம் ஒன்றுமே கேட்காமல், "சமைப்பீங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மூன்றாமவர் நல்ல மனிதர்தான். ஆனால் பேசும்போது பின்னாலிருந்து அவருடைய அம்மா ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லிக் கொடுப்பது தெளிவாகக் கேட்டது.

உம்மா கீழக்கரையிலிருந்து பொறுமை இழந்துவிட்டார்.

"இதான் கடைசி. இந்தப் புள்ளையும் வேணாம்னா, வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துரு. நாங்க யாரக் காட்டுறமோ அவுகளக் கட்டிக்க. வாப்பாவும் சொல்லிட்டாக."

உம்மா மிரட்டினால் அது மிரட்டலோடு நிற்காது. சொந்தச் சம்பளம், சொந்தச் சாவி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூக்கம் எல்லாவற்றையும் இப்போதுதான் சம்பாதித்திருந்தேன். அவ்வளவும் இந்த ஒருவரைச் சரி என்பதிலோ வேண்டாம் என்பதிலோ தொங்கியது.

அந்தக் கடைசி வரனின் பெயர் இத்ரீஸ். எங்கள் ஊர்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. ஆனாலும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் இரண்டு தெரு என்பது இரண்டு தேசம். மியூனிக்கில் கார்களுக்குப் பிரேக் வடிவமைக்கும் பொறியாளர். ஒரே ஒரு முறை போனில் பேசினார்.

"ஷ்வெட்சிங்கன்ல ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கு. உங்க ஊருக்குப் பக்கம்தான். எரநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்க மீட் பண்ணலாமா?"

உம்மாவிடம் சொன்னதும் அங்கே நோன்புப் பெருநாள் வந்துவிட்டது. "பள்ளிவாசல்லயா? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நான் பயப்பட ஒண்ணுமில்ல. நல்லாப் பேசிட்டு மஃரிபுக்குள்ள பதில் சொல்லிரு. அவுக உம்மாவயும் நம்ம வீட்டுக்கு வரச் சொல்றேன்."

என் முகம் சுண்டிப் போனது. ஒரு பெண்ணை முதன்முதலாகச் சந்திக்க இந்த நாட்டில் காபிக்கடை இல்லையா, ஆற்றங்கரை இல்லையா? பள்ளிவாசலைச் சொல்கிற ஆள், நிக்காஹ் முடிந்த மறுநாளே வேலையை விடு என்பார். கணக்கு எனக்கு நேராகிவிட்டது. வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்ல ஒரு வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை.

அரைத் தூண்

எங்கள் ஊரில் ஒரு பழைய ஜும்மாப் பள்ளி இருக்கிறது. முழுக்கக் கல். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்த்துவிட்டு அந்தத் தூண்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பள்ளியின் மதில் தெரியும், பாங்கு தெரியும். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்கள் பக்கம் பெண்கள் பள்ளிக்குள் போகும் வழக்கமில்லை. தொழுகை வீட்டில், நோன்பு மாதத்தில் பெண்களுக்கென்றே இருக்கும் தொழுகைக் கூடமான தைக்காவில். யாரும் வாசலில் நின்று தடுத்ததில்லை. போகவேண்டும் என்று யாரும் கிளம்பியதுமில்லை.

எனக்கு மட்டும் உள்ளூர அரிப்பு. சின்ன வயதில் நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு போவேன். அப்போது கதவிடுக்கில் ஒரு தூணின் பாதி தெரியும். உச்சியில் வாழைப்பூ போலச் செதுக்கியிருக்கும். மீதிப் பாதியை எட்டிப் பார்ப்பதற்குள் கஞ்சி ஊற்றுகிறவர் "போம்மா, போம்மா" என்று விரட்டிவிடுவார்.

ஆக, என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைக்கப் போகிறேன். அதுவும் பழைய பள்ளி, அதுவும் ஜெர்மனியில்! மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம், பள்ளிவாசலை விடக்கூடாது என்று கிளம்பினேன்.

டெர்மினுக்கு நேரமாச்சு

துணைக்கு மாலினி அக்கா வந்தார். நான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர், யாழ்ப்பாணம், முதியோர் இல்லத்தில் வேலை. ஜெர்மனிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். அவரிடம்தான் கார் இருந்தது. என்னைவிட அவர்தான் அதிகம் அலங்கரித்துக்கொண்டு வந்தார்.

"கெதியா வாரும் பிள்ளை. மாப்பிள்ளைப் பெடியன்ர டெர்மினுக்கு நேரம் போட்டுது."

"அப்பாயின்ட்மென்ட்லாம் இல்ல அக்கா, சும்மா பேசப் போறோம்."

"இஞ்ச பல்லுப் பிடுங்கிறதுக்கும் டெர்மின்தான், மாப்பிள்ளை பாக்கிறதுக்கும் டெர்மின்தான். ஏறும்."

ஷ்வெட்சிங்கன் அரண்மனைத் தோட்டத்தின் வாசலில் இத்ரீஸ் நின்றிருந்தார். ஒல்லி, மூக்குக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாக்லேட் பெட்டி. ஸலாம் சொன்னார். நானும் சொன்னேன். பிறகு இருவரும் மாலினி அக்காவைப் பார்த்தோம்.

"என்ன ரெண்டுபேரும் என்னைப் பாக்கிறியள்? நானே கல்யாணம் கட்டப் போறன்? நடவுங்கோ."

தோட்டம் முடியவே முடியாது போலிருந்தது. நூல் பிடித்து வெட்டிய செடிகள், கல்லில் செதுக்கிய ஆடையில்லாத பெண்கள். அவர்களைக் கடக்கும்போதெல்லாம் இத்ரீஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பள்ளிவாசலைச் சுற்றி இப்படியெல்லாமா வைப்பார்கள் என்று எனக்குள் ஒரு கேள்வி எழும்பத்தான் செய்தது. ஜெர்மன்காரர்கள் எதைத்தான் எங்கே வைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

"ஆக்சுவலி, நான் ஒண்ணு சொல்லணும்…" என்று ஆரம்பித்தார் இத்ரீஸ்.

அதற்குள் மரங்கள் விலகின. ஒரு குளம். அதற்கு அக்கரையில் அது நின்றது. வெளிறிய செந்நிறச் சுவர், நடுவில் குவிமாடம், இரு பக்கமும் ஒல்லியாக இரண்டு மினாராக்கள். தண்ணீரில் இன்னொரு பள்ளிவாசல் தலைகீழாக நின்றது. பழுது பார்க்கக் கட்டியிருந்த சாரத்தைப் பிரித்து அதிக நாளாகவில்லை போல. எல்லாம் குளித்து உடுத்தியது போலப் பளிச்சென்றிருந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என்ன சொல்ல வந்தார் என்று கேட்கவே தோன்றவில்லை.

அன்னமும் நானும்

பள்ளிக்கு முன்னால் தண்ணீர் இருந்தால் எங்கள் ஊர்க்காரிக்கு அது என்ன? ஹவுள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்வதற்கான குளம். இவ்வளவு பெரிய ஹவுளா என்று வியந்தேனே தவிர, வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று நினைக்கவில்லை. நண்பகல் தொழுகையான ளுஹர் நேரம் வேறு.

முக்காட்டைச் சரி செய்துகொண்டு கரையில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீரை அள்ளினேன். பனிக்கட்டி. கையைக் கழுவினேன், வாய் கொப்பளித்தேன், முகத்தில் அடித்துக்கொண்டேன்.

"அது வந்து…" என்றார் இத்ரீஸ் பின்னாலிருந்து.

கூச்சப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன். முழங்கையைக் கழுவும்போது வெள்ளையாக ஏதோ நெருங்கியது. அன்னம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே பறவை. அது கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு என்னைக் கொத்த வந்தது. நான் அலறி எழுந்து ஓட, பின்னால் மாலினி அக்கா கைப்பையைச் சுழற்றிக்கொண்டு, "ஷூ! ஷூ! போ அங்கால!" என்று யாழ்ப்பாணத் தமிழிலேயே அன்னத்தை விரட்டினார். அதற்கும் புரிந்தது.

மூச்சு வாங்க வாசலுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றினேன். அக்காவும் கழற்றினார்.

"நீங்க ஏன் அக்கா?"

"எந்தச் சாமியெண்டாலும் செருப்போட போக ஏலாது பிள்ளை."

இத்ரீஸ் ஒரு நொடி தயங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அந்த நேரம் பேருந்தில் வந்த சுற்றுலாக் கூட்டம் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது. முக்காடு போட்ட பெண் ஷூ கழற்றுகிறாள் என்றதும் அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு. ஒரு பாட்டி குனிந்தார். அவ்வளவுதான், வரிசையாக எல்லோரும் குனிந்துவிட்டார்கள். நான் பெருமையோடு எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தேன். வலது காலை முதலில் வைக்கவேண்டும் என்று செய்து காட்டினேன். அதையும் செய்தார்கள்.

உள்ளே

உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வட்டமான கூடம், சுற்றிலும் தூண்கள். பாதித் தூண் இல்லை, முழுத் தூண்கள்! நான் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்தேன். மேலே குவிமாடம் உயர்ந்துகொண்டே போனது. ஜன்னல்களிலிருந்து வெயில் இறங்கி அந்த ஜெர்மன் பாட்டிகளின் வெள்ளைத் தலைகளில் விழுந்தது. சுவர்களில் பொன்னிறத்தில் அரபு எழுத்து, கீழே ஜெர்மன் எழுத்து.

சின்ன வயதில் ஓதிய பழக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். எங்கேயோ இடித்தது. புள்ளிகள் இடம் மாறியிருந்தன. இன்னொரு சுவரிலும் அப்படித்தான்.

"இதுல மிஸ்டேக் இருக்கு!"

இத்ரீஸ் அருகில் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா. எரநூறு வருஷமா யாரும் பக் ரிப்போர்ட் போடலியா?"

எனக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. முதல் முறையாக அவரை ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு தொழ நினைத்து மிஃராபைத் தேடினேன். தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் அந்த மாடம் எந்தச் சுவரிலும் இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தபோதுதான், இந்தக் கதையின் தொடக்கத்தில் நீங்கள் பார்த்த காவலாளி சாவிக்கொத்தோடு உள்ளே நுழைந்தார்.

அவர் மிகவும் நல்லவர். குரலைத் தாழ்த்தி என்னிடம் விளக்கினார். "அம்மா, இது தொழுகைக்குக் கட்டியதில்லை. அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட பிரபுவுக்குத் தோட்டத்தில் ஒரு கிழக்கு நாட்டுக் கட்டடம் வேண்டும் என்று ஆசை. ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்து கொடுத்தார். அலங்காரம், அவ்வளவுதான். பின்னாளில் ஒரு போரில் கைதாகி வந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் கொஞ்ச காலம் இங்கே தொழுததாகச் சொல்வார்கள். மற்றபடி இது பள்ளிவாசலே இல்லை."

"அப்ப அந்தக் குளம்?"

"வாத்துக்கு."

ஒரு தாத்தா மட்டும், தரை குளுகுளுவென்று இருக்கிறது, தான் ஷூ போடுவதாக இல்லை என்று அறிவித்தார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். நான் இத்ரீஸின் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்." அவர் காது சிவந்திருந்தது. "தோட்டத்துல மீட் பண்ணலாம்னா உங்க உம்மா விடுவாங்களா? பள்ளின்னா உடனே ஓகே சொல்வாங்கன்னு… நீங்க ஒளுச் செய்றப்பவே சொல்ல வந்தேன். அன்னம் வந்துருச்சு."

நான் பயந்த ஆள் எங்கே, இந்தக் கள்ளன் எங்கே! கோபப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தேன். வரவில்லை. கோபத்துக்குப் பதிலாக வயிற்றிலிருந்து சிரிப்புத்தான் பொங்கியது. மாலினி அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நான் கும்பிட்டும் போட்டன்" என்று சிரித்தார்.

ஃபேன் இருக்கும்

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கட்டடத்தை உண்மையாகவே ரசித்தேன். முற்றத்தைச் சுற்றி நிழல் நடைகள், பின்னல் வேலைப்பாட்டில் ஜன்னல்கள், மூலைகளில் குட்டிக் குவிமாடங்கள். முற்றம் கிறிஸ்தவ மடங்களில் இருப்பது போல, முன்வாசல் மாதா கோயில் போல, மினாரா மட்டும் பள்ளி போல. உப்புமாவைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட ஜெர்மன்காரர் தானே கிண்டிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் ருசியாக இருந்தது, அதுதான் ஆச்சரியம். எங்கள் ஊர்ப் பள்ளியைக் கட்டிய கல்தச்சர்களும், கோயில் கட்டிப் பழகிய கையால் தங்களுக்குத் தெரிந்த தூணைத்தானே வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நிழல் நடையில் நடந்தபடி இத்ரீஸிடம் கேட்டேன். "நம்ம ஜும்மாப் பள்ளி உள்ள எப்படி இருக்கும்?"

"ஏன், நீங்க…" என்று தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு யோசித்தார். வெகு நேரம் யோசித்தார். "தூண் இருக்கும்."

"அது ஊருக்கே தெரியும். அப்புறம்?"

"ஃபேன் இருக்கும்."

"ஃபேனா?"

"வெள்ளிக்கிழமை ஃபேனுக்குக் கீழ எடம் புடிக்கத்தான் ஓடுவோம்." அவர் குரல் இறங்கியது. "சின்னப் புள்ளையிலேர்ந்து போறேன். நீங்க இங்க பாத்த மாதிரி ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. வெக்கமா இருக்கு."

வேலையைப் பற்றிக் கேட்டேன். விடச் சொல்வாரா என்று நேராகவே கேட்டேன். "நீங்க விட்டா இந்த ஊர் சாஃப்ட்வேரை யாரு திட்டுறது? நான் வேணா இங்க வேலை தேடுறேன்" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எனக்கே மறந்துபோயிருந்தது.

மஃரிபுக்குள்

இங்கே பிற்பகல் வெயில் எரியும்போது கீழக்கரையில் அந்தி, மஃரிப் தொழுகை நேரம். செல்போன் அடித்தது. நாங்கள் மறுபடி குவிமாடத்துக்குக் கீழே நின்றிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னம்மா, பள்ளியில தொழுதியா? மாப்… அந்தப் புள்ள எப்புடி இருக்காக?"

நான் வாயைத் திறப்பதற்குள் இத்ரீஸ் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"மாமி, அஸ்ஸலாமு அலைக்கும். இத்ரீஸ் பேசுறேன். ஒரு விஷயம், நானே சொல்லிர்றேன். இது நெசப் பள்ளி இல்ல மாமி. ஒரு ராசா தோட்டத்துல அழகுக்குக் கட்டுனது. பள்ளின்னு சொன்னாத்தான் விடுவீங்கன்னு சொல்லிட்டேன். தப்புத்தான்."

என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் அது போனில் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். முடிந்தது, உம்மா இப்போது பயணச்சீட்டைப் பற்றிப் பேசுவார், நான் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவரை வேண்டும் என்று நினைக்கிறேன்.

"நெசப் பள்ளி இல்லியா?" என்றார் உம்மா மெதுவாக. "அப்ப பொம்பளையாளுக உள்ள போலாமா?"

"போலாம் மாமி. உங்க மக உள்ளதான் நிக்கிறாக."

"நட்ட நடுவுலயா?"

"நட்ட நடுவுல."

"மேல கோபுரம் தெரியுதா? தூணு இருக்கா? எப்புடி இருக்கு?"

உம்மா கேட்டுக்கொண்டே போனார். தரை என்ன கல், சுவரில் என்ன எழுத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது. இத்ரீஸ் அண்ணாந்தபடி சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஃபேன் என்ற பேச்சே வரவில்லை. அறுபதை நெருங்கும் என் உம்மாவும் வாழ்க்கையில் ஒரு பள்ளியின் உள்ளே போனதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்தது போலப் புரிந்தது. அவருக்கும் இந்த ஆசை இருந்திருக்கிறது. என்னிடம்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியில் உம்மா சொன்னார். "என்னயும் ஒரு நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போங்க மாப்புள்ள."

மாப்புள்ள என்று சொல்லிவிட்டதை அவரே கவனித்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்தி, "அவ என்ன சொல்றா?" என்று கேட்டார்.

மாலினி அக்கா என் முதுகில் ஒரு குத்து விட்டார். "சொல்லுமன் பிள்ளை!"

"சரிம்மா" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. குவிமாடம் அதை வாங்கி, சரிம்மா, சரிம்மா, சரிம்மா என்று வட்டமாகச் சுற்றி எங்கள் தலைமேல் போட்டது. போனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை வாயே திறக்காத இன்னொரு பெண் குரல் கேட்டது. இத்ரீஸின் உம்மா, என் மாமியார்.

"ஒரு தடவ சொன்னாப் போதும்னு சொல்லுங்க மச்சி. பொண்ணுக்கு என்னா இம்புட்டு அவசரம்!"